மூடி இல்லாமல் போன முந்நூறு மெஷின்கள்

தொழிற்சாலையில் அவளை எல்லாரும் ஸ்பானரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினேழாம் நம்பர் ஸ்பானர் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். சாப்பிடப் போகும்போதுகூட அதை எடுத்து வைக்க மாட்டாள். அது ஒரு காரணம். கையில் அகப்பட்டதை முறுக்காமல் விட மாட்டாள், அது நட்டாக இருந்தாலும் சரி, மேஸ்திரியாக இருந்தாலும் சரி. அது இன்னொரு காரணம்.

அங்கே செய்தது மாவு அரைக்கும் சின்ன மெஷின். பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். மேலே தானியம் கொட்ட ஒரு வாய், நடுவில் இரண்டு அரவைக் கல், கீழே மோட்டார். மோட்டாரில் ஒரு சக்கரம், கல்லில் ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு பெல்ட். பெல்ட்டின் மேல் தகரத்தில் வளைத்த ஒரு மூடி. மூடியைச் சட்டத்தோடு பிடித்து வைக்க நாலு போல்ட். மூடி போடுவதுதான் கடைசி வேலை. ஸ்பானரக்கா உட்கார்ந்திருந்தது கடைசி மேஜை. பதினாறு வருஷமாக அவள் கை படாமல் ஒரு மெஷினும் வாசல் தாண்டியதில்லை. போல்ட் முறுக்கி முடிந்ததும் நம்பர் தகட்டுக்குப் பக்கத்தில் உளியால் ஒரு புள்ளி தட்டுவாள். யாரும் தட்டச் சொல்லவில்லை. அவளாகத் தட்டினாள்.

அந்த மூடியை முதன்முதலில் வரைந்தவர் பெரியவர், அதாவது முதலாளி. அதற்கு ஒரு கதை உண்டு. வருஷம் தவறாமல் ஆண்டு விழாவில் அதை அவரே சொல்வார். தொழில் தொடங்கின காலத்தில் ஒரு பணக்கார நாட்டிலிருந்து தகரம் அழுத்தும் பழைய பிரஸ் ஒன்றைக் கடன் வாங்கி வரவழைத்தாராம். கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காமல் தடுக்கும் பூட்டு ஒன்று அதில் இருந்திருக்கிறது. அனுப்பியவர்கள் அதைக் கழற்றிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். பெரியவருடைய தம்பிக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. "ஏழை நாட்டுக்குப் போற சாமான்தானே, எவன் கேக்கப் போறான்னு நெனச்சான் அவன். நம்மள மனுஷனாவே மதிக்கல" என்பார் பெரியவர். சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் குரல் கம்மும். ஸ்பானரக்கா முன்வரிசையில் உட்கார்ந்து பதினாறு முறை அதைக் கேட்டிருக்கிறாள். பதினாறு முறையும் அவளுக்கு வயிறு எரிந்திருக்கிறது.

பெரியவருக்கு மூச்சிரைப்பு வந்து, வெளிநாட்டு வியாபாரம் மகன் கைக்குப் போயிற்று. அவரைச் சின்னவர் என்பார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தொழிலாளர் வீட்டுக் கல்யாணங்களுக்கு வருவார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார். பணக்கார நாடுகள் வாங்குவதைக் குறைத்துக்கொண்டபோது, நம்மைப் போன்ற நாடுகளுக்கே விற்கலாம் என்று முதலில் யோசித்தவரும் அவர்தான். ஒரு நாட்டிலிருந்து முந்நூறு மெஷினுக்கு ஆர்டர் வந்தது. கிராமத்துப் பெண்கள் சங்கம் வாங்குகிறது. அன்று எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்.

மறுநாள் சின்னவர் கடைசி மேஜைக்கு வந்து நின்றார்.

"இந்த முந்நூறுக்கும் மூடி வேண்டாம்க்கா."

"ஏன் சார்?"

"அவங்க கேட்ட விலைக்குக் கட்டுப்படியாகல. அப்புறம், அந்த நாட்டுல இதையெல்லாம் பரிசோதிக்க ஆபீஸே கிடையாது. யாரும் கேக்க மாட்டாங்க."

"கை போயிடுச்சுன்னா?"

"வேணும்னா அங்கயே தகரம் அடிச்சுக்குவாங்க. பட்டறை இல்லாத ஊரா என்ன" என்று சிரித்தார்.

மேஸ்திரியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பவள், அன்று வாயை மூடிக்கொண்டாள். நாலு போல்ட் இல்லை என்றால் ஒரு மெஷினுக்கு நாலு நிமிஷம் மிச்சம். மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போனாள். வெயில் இருக்கும்போதே துணி துவைத்துக் காயப்போட்டாள். மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. புள்ளியும் வழக்கம்போலத் தட்டினாள், முந்நூறிலும்.

கப்பல் ஏறுகிற அன்று ஒரு மந்திரி வந்து, சகோதர நாடு, தோளோடு தோள் என்றெல்லாம் பேசினார். கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

பதினாலு மாதம் கழித்துச் சின்னவர் அவளை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அந்த முந்நூறு மெஷின் வாங்கினாங்களே, அவங்க கடிதம் போட்டிருக்காங்க. பெல்ட் நழுவுதாம், கல்லு சீக்கிரம் தேயுதாம். பராமரிப்பு சொல்லிக்குடுக்க ஒரு பொம்பள மெக்கானிக்கை அனுப்புங்கன்னு கேக்கறாங்க. உங்களை விட்டா யாரு இருக்கா?"

பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்திராதவள் விமானம் ஏறினாள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், லேசில் எதற்கும் அசராதவன். "பிளேன்ல ஸ்பானர் இடுப்புல வெச்சுக்க விட மாட்டாங்களாம். பாத்து நட, பாரம் கொறைஞ்சு ஒரு பக்கமா சாஞ்சுடப் போற" என்று வழியனுப்பினான். தொழிற்சாலை வாசலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். 'பெண்ணுக்குப் பெண் கைகொடுக்கிறாள்' என்று தலைப்பு.

அந்த ஊர் அவளுக்கு வேற்றூர் மாதிரியே இல்லை. அதே தகரக்கூரைக் கடைகள், அதே ஒற்றை பல்பு, கடை வாசலில் அடுக்கி வைத்த அதே பிளாஸ்டிக் வாளிகள். ஒரு வாளியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் அவள் நாட்டுக் கம்பெனியின் முத்திரை. சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். விரலால் சுண்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் இருப்பதைவிட மெல்லிசு. கைப்பிடி அப்போதே ஆடியது. சந்தோஷம் கொஞ்சம் இறங்கிற்று.

சங்கத்தின் சார்பில் ஒரு டீச்சர் கூட வந்தாள். அவள் முதலில் போக வேண்டிய கிராமத்தின் பள்ளிக்கூட டீச்சர். பயிற்சிக்காக ஸ்பானரக்காவின் நாட்டில் மூன்று வருஷம் தங்கிப் படித்தவள், பாஷை நன்றாகவே பேசினாள். லாரியில் ஐந்து மணி நேரம். முதல் கிராமத்தின் மில் ஒரு நீளமான கொட்டகை. உள்ளே மாவுப்புகை. இருபது பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மெஷின்.

நேரே போய் நம்பர் தகட்டைத் தடவினாள். புள்ளி இருந்தது. "இது நான் பூட்டினது" என்றாள். டீச்சர் மொழிபெயர்த்ததும் யாரும் சிரிக்கவில்லை.

மில்லைப் பார்த்துக்கொள்கிற பெண் எழுந்து வந்தாள். ஸ்பானரக்காவின் வயதுதான் இருக்கும், நல்ல உயரம். ஸ்பானரக்கா வலது கையை நீட்டினாள். அவள் இடது கையை நீட்டினாள். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துத் தானும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அப்புறம்தான் அந்தப் பெண்ணின் வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் இருந்தது. சுண்டுவிரல் இருந்தது. நடுவில் இருந்த மூன்றும் இல்லை.

"என்ன ஆச்சு?"

டீச்சர் இதை மொழிபெயர்க்கவில்லை. ஸ்பானரக்காவையே பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு லெட்டர் போட்டோமே. நான்தான் எழுதினேன்."

"பெல்ட் நழுவுதுன்னு எழுதினீங்க."

"அது கடைசி வரி."

டீச்சர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து நகல்களை எடுத்தாள். முதல் கடிதம் பதினோரு மாதத்துக்கு முந்தையது. இங்கிலீஷில் எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியாக வாசித்து அர்த்தம் சொன்னாள். மெஷின் ஓடும்போது சிந்தின மாவைக் கூட்டப் போனவள் ஒருத்தி, பெல்ட்டில் புடவைத் தலைப்பு மாட்டி இழுக்கப்பட்டவள் ஒருத்தி, தானியம் கொட்டும்போது கால் வழுக்கிக் கையூன்றியவள் ஒருத்தி. எல்லாமாக ஒன்பது பேர். எட்டுப் பேருக்கு விரல். ஒருத்திக்கு முழங்கை வரைக்கும். பெயர், வயது, எந்தக் கிராமம், எத்தனை குழந்தை, எல்லாம் எழுதியிருந்தது. இரண்டாவது கடிதம் முதல் கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்று கேட்டது. ஒரு மெக்கானிக்கை அனுப்புங்கள், முடிந்தால் பெண்ணாக, எங்களில் சிலர் காயத்தை ஆணிடம் காட்டக் கூச்சப்படுகிறார்கள் என்றது. கடைசி வரியில் பெல்ட் நழுவுவதும் இருந்தது.

ஸ்பானரக்கா பக்கத்தில் இருந்த தானிய மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மில்லுக்காரப் பெண் நின்றுகொண்டே பேசினாள். குரல் உயரவில்லை. டீச்சர் சொன்னாள்:

"நீங்க வர்றீங்கன்னதும் இந்தம்மா ஒண்ணு கேக்கணும்னு இருந்தாங்களாம். உங்க ஊர்ல பெல்ட் மேல எதுவும் போடறது இல்லையா? உங்க ஊர்ப் பொம்பளைங்க கையெல்லாம் இரும்பால செஞ்சதா?"

மேலிடத்து முடிவு என்று ஒரு வார்த்தை சொல்லிக் கையைக் கழுவியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"மூடி இருக்கு" என்றாள். "எங்க ஊர்ல விக்கிற எல்லாத்துக்கும் போடறோம். பணக்கார நாட்டுக்குப் போறதுக்கு மூடியும் போட்டு, அதுக்கு மேல எச்சரிக்கை ஸ்டிக்கரும் ஒட்டறோம். உங்களுக்கு வந்த முந்நூறுக்குத்தான் போடல. போடாதது நான்தான்."

டீச்சர் தயங்கினாள். "இதை அப்படியே சொல்லவா?"

"அப்படியே சொல்லுங்க."

சொன்னாள். கொட்டகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு வயதான பெண் எழுந்து ஸ்பானரக்காவின் முகத்துக்கு நேரே விரல் நீட்டி எதையோ கேட்டாள்.

"எங்களை என்னன்னு நெனச்சீங்கன்னு கேக்கறாங்க."

"யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சோம்."

மில்லுக்காரப் பெண் அதைக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

பெல்ட் இறுக்குவதும் கல் மாற்றுவதும் பத்து நாள் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மறுநாள் காலையில் கொட்டகைக்கு ஒருத்தியும் வரவில்லை. ஸ்பானரக்கா தனியாக மெஷினைச் சுற்றி வந்தாள். சட்டத்தின் பக்கவாட்டில் நாலு ஓட்டைகள் இருந்தன. வார்ப்பு எல்லா நாட்டுக்கும் ஒன்றுதானே. மூடி இல்லாவிட்டாலும் மூடிக்கான ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். இரண்டில் மாவு அடைத்திருந்தது. மற்ற இரண்டில் சணல் கோத்து யாரோ துடைப்பத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெல்ட்டுக்கு அரை அடி தூரத்தில் துடைப்பம். எடுக்கக் கை நீட்டினால் கை எங்கே போகும் என்று அவளுக்குப் புரிந்தது. சணலை வெடுக்கென்று அறுத்து எறிந்தாள். பதினாறு வருஷ வேலையில் அவள் அழுதது அங்கேதான். அழுகை என்றும் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சட்டத்தை உள்ளங்கையால் அறைந்தாள், கை சிவக்கும்வரை.

பிறகு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"தகர வேலை செய்யறவங்க யாராவது இருக்காங்களா?"

சந்தையின் ஓரத்தில் தகரப் பெட்டி செய்கிற ஒருவர் இருந்தார். அவருக்குப் பாதிக் காது கேட்காது, அதனால் டீச்சர் கத்தியே மொழிபெயர்த்தாள். எந்தத் தகரம் வேண்டும் என்றார். எது கிடைக்கிறதோ அது என்றாள் ஸ்பானரக்கா. காலி எண்ணெய் டின்களை வெட்டித் தட்டி விரித்தார்கள். அட்டையில் மூடியின் உருவத்தை மனசிலிருந்தே வரைந்தாள். ஆயிரக்கணக்கில் பூட்டியவளுக்கு அளவு மறக்குமா. சாயங்காலத்துக்குள் ஒரு மூடி தயாராயிற்று. மஞ்சளும் சிவப்புமாக எண்ணெய்க் கம்பெனி எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. நாலு போல்ட். முறுக்கினாள்.

மில்லுக்காரப் பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து மூலையிலிருந்து ஒரு மெல்லிய குச்சியை எடுத்தாள். உட்கார்ந்து, மூடியின் எல்லாப் பக்கமும் குச்சியை விட்டு விட்டுப் பார்த்தாள். மேலே போகவில்லை. பக்கத்தில் போகவில்லை. கீழே, மோட்டார்ச் சக்கரத்துக்கு அடியில், குச்சி சுளுவாக உள்ளே போயிற்று. ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"இங்க போகும், அப்படீங்கறாங்க" என்றாள் டீச்சர்.

உண்மைதான். பெரியவர் வரைந்த மூடியிலேயே அந்தச் சந்து இருந்தது. அத்தனை வருஷத்தில் யாரும் அங்கே குச்சி விட்டுப் பார்க்கவில்லை. ஸ்பானரக்கா மூடியைக் கழற்றினாள். தகரக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அடியில் ஒரு நாக்கு மாதிரி வளைத்துச் சேர்த்தார். மறுபடி பூட்டினாள். மறுபடி குச்சி. இந்தத் தடவை போகவில்லை. மில்லுக்காரப் பெண் குச்சியை மூலையில் வைத்துவிட்டுப் போனாள். ஆனால் மறுநாள் காலை இருபது பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பயிற்சி எப்படிப் போகிறது என்று கேட்ட கம்பெனிக்கு டீச்சர் பதில் சொல்ல, விஷயம் சின்னவர் காதுக்குப் போனது ஆறாவது நாள். தபால் அலுவலகத்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, உங்களைப் பெல்ட் சரிபண்ண அனுப்பினேன். நீங்க ஊர் ஊரா போய் மூடி மாட்டிக்கிட்டு இருக்கீங்களாம். அப்படி மாட்டினா நாம தப்பு பண்ணோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?"

"தப்புதானே பண்ணோம்."

"நான் அதச் சொல்லல..."

"ரெண்டு லெட்டரையும் படிச்சீங்களா சார்?"

"அது என்கிட்ட வர்றதுக்குள்ள..."

"படிச்சீங்களா, இல்லையா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு என்கிட்ட பெல்ட் நழுவுதுன்னு சொன்னீங்க. அந்தம்மாகிட்ட நான் கை நீட்டினேன் சார். நீட்டினேன். தெரியாம." அதற்கு மேல் அவள் பேசினதெல்லாம் தபால் அலுவலகம் முழுக்கக் கேட்டது. பாஷை புரியாத தபால்காரர்கூட முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சின்னவர்தான் முதலில் ரிசீவரை வைத்தார்.

ஊர் திரும்பும்போது நாற்பத்தொரு மெஷினுக்கு மூடி ஏறியிருந்தது. அட்டை வெட்டுகளை டீச்சரிடமும் தகரக்காரரிடமும் கொடுத்தாள். மில்லுக்காரப் பெண் வழியனுப்ப வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் தானும் வந்திருக்க மாட்டோம் என்று ஸ்பானரக்காவுக்குத் தோன்றிற்று.

வந்த மறுநாள் நேரே பெரியவர் அறைக்குப் போனாள். சின்னவரும் இருந்தார். கடிதங்களின் நகலை மேஜைமேல் வைத்தாள். பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். மூச்சிரைத்தது.

"ஐயா, ஒவ்வொரு வருஷமும் உங்க தம்பி கதையைச் சொல்வீங்க. நம்மள மனுஷனா மதிக்கலன்னு சொல்வீங்க. இப்ப இந்த ஒன்பது பேரும் அவங்க ஊர்ல உக்காந்து நம்மள அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"அப்பாவை ஏன் இதுல இழுக்கறீங்க?" என்றார் சின்னவர். "விலை அவங்க கேட்டது. என்னென்ன வரும்னு பட்டியல் போட்டுக் குடுத்தோம், அதுல மூடி இல்ல. கையெழுத்து போட்டுத்தான் வாங்கினாங்க."

"மெஷினுக்கு மூடின்னு ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது சார். இல்லாததை எங்கருந்து படிப்பாங்க? ஒரு மூடிக்கு எவ்வளவு செலவுன்னு எனக்குத் தெரியும். வாசல்ல நாலு டீ, நாலு பன். அவ்வளவுதான்."

பெரியவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் கடிதத்தை மடித்து, விளிம்பைச் சரிபார்த்து, மகன் பக்கம் நகர்த்தினார்.

"வெளிநாட்டு விஷயமெல்லாம் அவன்தாம்மா பாத்துக்கறான்."

அந்த அறையில் அவளுக்குச் சின்னவர்மேல் வந்த கோபத்தைவிடப் பெரியவர்மேல் வந்ததுதான் அதிகம். அவர் அழுத குரலை நம்பிப் பதினாறு வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த ஆர்டர் ஐந்நூறு, அதே நாட்டுக்கு, சந்தை வியாபாரி ஒருவர் மூலமாக. மூடி கிடையாது. முதல் மெஷின் கடைசி மேஜைக்கு வந்தபோது அவள் சாக்பீஸால் சட்டத்தின்மேல் 'வேலை முடியவில்லை' என்று எழுதி நகர்த்தி வைத்தாள். இரண்டாவதிலும் அதையே எழுதினாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் முப்பத்திரண்டு மெஷின் நடைபாதையில் நின்றது. மேஸ்திரி வந்து கெஞ்சினார்.

"ஏன்க்கா என் வயித்துல அடிக்கற?"

"உங்க வயித்துல இல்ல, சாக்பீஸால மெஷின்லதான் எழுதறேன். மூடி குடுங்க, முறுக்கித் தர்றேன்."

மூன்றாம் நாள் அவளைப் பாக்கிங்கில் போட்டார்கள். கடைசி மேஜைக்கு வேறு ஒருவனை உட்கார வைத்தார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம். அவளைப் பார்க்காமலே வேலை செய்தான். ஐந்நூறும் மூடி இல்லாமல் முடிந்தது. தன் கையாலேயே அட்டைப்பெட்டியில் அவற்றைச் சுற்றிக் கட்டினாள். தான் இல்லாவிட்டாலும் மெஷின் போகும் என்பது அவளைச் சுட்டது. வீட்டில் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. "ரெண்டு நாள் மெஷினை நிறுத்தினியே, அதுவே பெருசு" என்று புருஷன் சமாதானம் சொன்னான். "நிறுத்தல. நகர்த்தி வெச்சேன். அவ்வளவுதான்" என்று அவன்மேல் பாய்ந்தாள்.

ஆனால் பெட்டிகள் கிளம்பின அன்றே டீச்சருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். எந்தக் கப்பல், எத்தனை பெட்டி, எந்த வியாபாரி. கூடவே இரண்டு வரி: சட்டத்தின் பக்கத்தில் நாலு ஓட்டை இருக்கும். ஓட்டையில் போல்ட் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

அங்கே நடந்ததை டீச்சர் பிற்பாடு எழுதினாள். சங்கத்துப் பெண்கள் நாற்பது பேர் லாரி பிடித்துத் துறைமுகத்துக்குப் போனார்கள். காயம்பட்ட ஒன்பது பேரும் முன்னால் நின்றார்கள். வியாபாரியை ஆறு பெட்டி பிரிக்க வைத்தார்கள். மில்லுக்காரப் பெண் அந்த மெல்லிய குச்சியைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். சுங்க அதிகாரி முன்னால் குச்சியைப் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நீட்டி, சக்கரத்தைக் கையால் திருகச் சொன்னாள். குச்சி படக்கென்று ஒடிந்தது. பிறகு தன் வலது கையை அதிகாரியின் மேஜைமேல் வைத்தாள். இந்த மெஷினை எந்தக் கிராமமும் வாங்காது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். விற்க முடியாத சரக்கை வியாபாரி தொடவே மாட்டேன் என்றார். ஐந்நூறு பெட்டியும் துறைமுகக் கிடங்கில் கிடந்தது.

மூடிகளை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. சின்னவர் பாக்கிங் பகுதிக்கு வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஒரு விரல் என்ன விலைன்னு சொல்லுங்க சார். கழிச்சுப் பாத்துடலாம்."

அவளை வேலையை விட்டு நிறுத்த முடியவில்லை. மூடி இல்லாமல் இனி ஒரு மெஷினும் கட்ட மாட்டோம் என்று அந்தப் புதுக் கல்யாணக்காரன் உட்பட வரிசை முழுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டது. கடைசி மேஜையை அவளுக்குத் திருப்பியும் தரவில்லை. ஒரு மாதத்தில் புது விளம்பரப் புத்தகம் அச்சாயிற்று. அடியில் நாக்கு வைத்த மூடியை முதல் பக்கத்தில் போட்டு 'எங்கள் புதிய பாதுகாப்பு வடிவமைப்பு' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்க ஸ்பானரக்காவைக் கூப்பிட்டார்கள்.

"இது உங்க மூடி இல்ல" என்றாள். "அந்த நாட்டுல ஒரு மில்லுக்காரம்மா கண்டுபிடிச்சது. அவங்கள வரவழைச்சு எடுங்க. கை நல்லாத் தெரியற மாதிரி எடுங்க."

யாரையும் வரவழைக்கவில்லை. பழைய முந்நூறுக்குக் கம்பெனி ஒரு மூடிகூட அனுப்பவும் இல்லை, ஒன்பது பேருக்கு ஒரு வரி பதில் போடவும் இல்லை. மீதி மெஷின்களுக்குத் தகரக்காரரே எண்ணெய் டின்னை வெட்டி வெட்டி மூடி செய்துகொண்டிருக்கிறார். ஆண்டு விழாவுக்குப் பெரியவர் வந்தார், வழக்கமான கதையைச் சொல்ல எழுந்தார். ஸ்பானரக்கா எழுந்து வெளியே போனாள். அவள் பின்னாலேயே ஏழெட்டு நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டதாகப் பாக்கிங்கில் சொல்லிக்கொண்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் டீச்சர் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. மில்லுக்காரப் பெண் சொல்லி எழுதியது. நலம் விசாரிப்பு இல்லை, நன்றி இல்லை, மன்னித்தேன் என்றும் இல்லை. மூன்றே வரி. மூடி அதிர்ந்து சத்தம் போடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை பயப்படுகிறது. என்ன செய்ய வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஸ்பானரக்கா பதில் எழுத உட்கார்ந்திருந்தாள். நாலு தாளைக் கிழித்துப் போட்டாள். நாலிலும் தான் எவ்வளவு வருந்துகிறாள் என்று எழுத முயன்றிருந்தாள். படித்துப் பார்த்தால் எல்லாம் பூசி மெழுகின மாதிரி இருந்தது.

"என்னதான் எழுதற?" என்று புருஷன் எட்டிப் பார்த்தான். "இன்னும் கோவம் போகலையா?"

"போகாது. போக வேண்டாம்."

ஐந்தாவது தாளில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினாள். பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி, சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் வைத்து போல்ட்டை முறுக்குங்கள், சத்தம் நின்றுவிடும். துண்டு இரண்டு விரல் அகலம் இருக்கட்டும் என்று எழுதினாள். எழுதினதைப் பார்த்தாள். அதை அழுத்தி அடித்துவிட்டு, மகளுடைய அளவுகோலை எடுத்து வரச் சொல்லி, டியூபை அளந்து, மூன்றரை சென்டிமீட்டர் என்று திருத்தினாள்.